பதினெட்டு என்றுதான் சொன்னாய்

மார்ச் 5, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வடக்கு வாசலுக்கு மாற்றலாகிப் போய் இன்றோடு பதினொரு நாள். உன் காவல் கோபுரம் தீயில் போய்விட்டதால், தினமும் காலை ஏழு மணிக்குப் பூங்காவின் மற்ற நாலு இடங்களிலிருந்தும் வயர்லெஸ்ஸில் ஈரப்பதம், காற்று அளவு சொல்கிறார்கள். வடக்கு வாசலிலிருந்தும் ஒரு குரல் வருகிறது, ஆனால் அது உன் குரல் இல்லை. "டிக்கெட் கிழிக்கறதோட சரி, அளவு சொல்ற வேலை அவருக்கு வேணாம்" என்று ரேஞ்சர் போட்ட உத்தரவை டைப் அடித்ததே நான்தான்.

அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. வயர்லெஸ்ஸில் தும்மினால்கூடப் பூங்கா முழுக்கக் கேட்கும். அதனால்தான் காகிதம். வெள்ளிக்கிழமை ஜீப்பில் டிரைவர் ஸ்பீடு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பையில் ஒரு போர்வை, டார்ச் பேட்டரி நாலு, உன் மகளுக்குப் பழைய பள்ளியிலிருந்து வாங்கிய மாற்றுச் சான்றிதழ். நடு வருஷத்தில் பள்ளி மாறுவது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும். அண்ணி என்ன சொல்கிறார்கள்?

நேற்றைய சம்பவங்களைக் கேள். கால் சுளுக்கு இரண்டு. தடை போட்ட குளத்தில் குளிக்க இறங்கி, கரையில் வைத்த உடுப்பை எல்லாம் குரங்கிடம் பறிகொடுத்த பெரிய மனிதர் ஒருவர். அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று கால் மணி நேரம் யோசித்து, "பொருள் இழப்பு" என்று போட்டேன். தீ அபாயம்: மஞ்சள்.

அன்றைய தீயில் கால் வெந்த டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார். "எங்க ஏழு பேரையும் ஓடைக்குள்ள இறக்கிக் கூட்டிட்டு வந்தாரே, அவரு எங்க?" என்று உன்னைத்தான் கேட்டாராம். ரேஞ்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

விசாரணை அறிக்கை வந்தது. "கோபுரக் காவலர் தமது குறிப்பேட்டில் முந்தைய நாளின் வரியைக் கவனப்பிசகாக வாசித்திருக்கலாம்" என்று இருக்கிறது. இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறார்கள், அண்ணா. யாரும் உன்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

என் பாப்பா தக்காளிக்கு மேலே இரண்டு பல் முளைத்துவிட்டது. மாமா எங்கே என்றால் உன் போட்டோவைக் காட்டுகிறாள்.

உன்
வாலு


மார்ச் 12

வாலு,

போர்வை வந்துச்சு. ஸ்பீடு காலைல கிளம்பி சாயங்காலம் வந்து சேர்ந்தான். வழியில ஒரு ஆமை ஹாரன் அடிச்சு முந்திப் போச்சாம்.

இங்க வேலை சுகம். டிக்கெட் கிழிக்கணும், சிரிக்கணும். "கரடி எத்தனை மணிக்கு வரும்?"னு ஒருத்தர் கேட்டார். "பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கேன் சார், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்"னேன். அவர் நிஜமாவே வாட்சைப் பார்த்தார். உங்க அண்ணி, எலி வளையானாலும் தனி வளைன்னு வீட்டைக் கழுவிக்கிட்டே இருக்கா. சின்னவ புதுப் பள்ளிக்கூடத்துல யாரோடயும் பேசலையாம். பேசுவா.

உன்கிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேக்கணும். தினமும் நான் அளவு சொன்னா நீ திருப்பிச் சொல்லுவே. நான் "சரி"ம்பேன். அப்புறம்தான் நீ எழுதணும், அதுதான் விதி. தீப்பிடிச்ச அன்னிக்கும் நீ திருப்பிச் சொன்னே. "ஈரப்பதம் பதினெட்டு, காத்து முப்பத்தஞ்சு"ன்னு உன் குரல் என் காதுல அப்படியே உக்காந்திருக்கு. ஆனா பேப்பர்ல நாப்பத்தொண்ணு, பன்னெண்டு. முந்தின நாள் அளவு, இம்மி பிசகாம. என் நோட்டு கோபுரத்தோட சாம்பலாப் போச்சு. வயர்லெஸ்ல மத்தவங்க காதுலயும் விழுந்திருக்கும், ஆனா அடுத்தவன் அளவை யாரும் கவனிக்கலையாம். எதை வச்சுப் பேச?

ரேஞ்சர் கேட்டார்: "பதினெட்டுன்னா சிவப்பு. சிவப்புன்னா நடைபாதையை மூடணும். பத்து மணிக்கு ஏழு பேர் நடந்து வர்றதைப் பார்த்தீரே, ஏன்யா சத்தம் போடலை?" மேலிடத்துல ஏதோ யோசிச்சுத் திறந்திருக்காங்கன்னு நினைச்சேன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது நம்புற மாதிரி இல்ல.

இன்னொண்ணு. அன்னிக்கு உன் குரலுக்குப் பின்னாடி பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். ஆபீஸ்ல பூனை ஏதும் வளக்கிறீங்களா?

நீ சொன்னா நான் நம்பிடுவேன். அதுக்குத்தான் கேக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 19, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கரடி கதையை உன் மாப்பிள்ளைக்கும் எழுதினேன். கப்பலில் சக ஊழியர்களுக்கு எல்லாம் சொல்லிச் சிரித்தாராம். அவர் திரும்பி வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

இங்கே ஒரு செய்தி. நம் டிக்கெட் கவுண்டர் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மகனுக்கு அம்மை என்று ஒரு நாள் அவனைக் கவுண்டருக்குக் கீழே படுக்க வைத்திருந்தாளாம். "இது ஆபீசா, குழந்தைகள் காப்பகமா?" என்று ரேஞ்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளாவது நிரந்தர ஊழியர். நான் தற்காலிகம், உனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ நாற்பத்தொன்று என்றுதான் சொன்னாய், அண்ணா. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பதினெட்டு என்பது அப்புறம் தீயைப் பார்த்த பிறகு உன் மனதில் வந்து உட்கார்ந்ததாக இருக்கும். அப்படி நடப்பது உண்டு என்று கல்லூரியில் மனவியல் பாடத்தில் படித்திருக்கிறேன்.

பூனை எதுவும் இங்கே இல்லை. வெயில் காலத்து வயர்லெஸ் இரைச்சல் அப்படித்தான் இருக்கும்.

இதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
வாலு


மார்ச் 26

வாலு,

நீ சொன்ன பிறகு மனசு ஒரு நிலைக்கு வந்துச்சு. தப்பு எங்கேன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்ல?

முதல்ல கண்ணைச் சோதிச்சேன். டாக்டர் எல்லா எழுத்தையும் படிக்கச் சொன்னார், படிச்சேன். "உங்க கண்ணு கழுகுக் கண்ணுங்க, கண்ணாடி வேணாம்"னார். "இல்ல டாக்டர், நான் ஒரு வரி மாத்திப் படிச்சுட்டேன், ஏழு பேர் சாகப் பார்த்தாங்க, நீங்க எதையாவது குடுங்க"ன்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு லேசா ஒண்ணு எழுதிக் குடுத்தார். கறுப்பு ஃப்ரேம். சின்னவ "வாத்தியார் மாதிரி இருக்கேப்பா"ங்கிறா. போட்டுட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறேன்.

கண்ணு இல்லேன்னா அடுத்தது எதுன்னு உனக்கே தெரியும். அப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா? முதல்ல சாவி. அப்புறம் பேர். கடைசியில உன்னைப் பார்த்து, "நீங்க யாரு மேடம், யாரைப் பார்க்கணும்?"னு கேட்டாரே, நீ ஸ்கூல் யூனிஃபார்மோட நின்னுக்கிட்டு இருந்தே. அப்போ அவருக்கு என்ன வயசு? எனக்கு நாப்பத்தாறு ஆகுது.

ஒரு சின்ன விஷயம். ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குடுத்து, பிள்ளைங்களை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னார். சாவியை வாங்கி, ஒரு நிமிஷம் கையில வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். சின்னவ அழுதா. இப்பல்லாம் நான் டீ போட்டுட்டு வந்தா, உங்க அண்ணி பின்னாலயே போய் அடுப்பை ஒரு தரம் பார்த்துட்டு வர்றா. நான் கவனிக்கலைன்னு நினைக்கிறா.

தக்காளிக்கு முத்தம்.

அண்ணன்


ஏப்ரல் 2, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு அப்பாவுக்கு வந்த மாதிரி எதுவும் இல்லை. வராது. நீ அப்படி நினைக்கவே கூடாது.

இதோடு ஒரு மாத்திரைப் புட்டி வைத்திருக்கிறேன். ஞாபக சக்திக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

இங்கே எல்லோரும் நலம். தக்காளிக்குச் சளி. வேறு விசேஷம் இல்லை.

உன்
வாலு


ஏப்ரல் 9

வாலு,

மாத்திரையை ஒரு வேளை விடாமப் போடுறேன். மறக்காம இருக்கிறதுக்கான மாத்திரையைப் போட மறந்துட்டா என்ன ஆகிறதுன்னு உங்க அண்ணி காலண்டர்ல டிக் அடிக்கிறா. சிரிப்பா இருக்கு, அழுகையாவும் இருக்கு.

இப்போ ஒரு உதவி. ரொம்ப நாள் யோசிச்சு எடுத்த முடிவு, மறுக்காதே. வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். மருத்துவக் காரணம்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களாம். இந்த முப்பதாம் தேதிக்குள்ள குடுக்கணும். வேலையில நீடிச்சு, நாளைக்கு இந்த வாசல்லயும் எதையாவது மாத்திச் சொல்லி, இன்னும் நாலு பேர் கால் வெந்தா என்னால தாங்க முடியாது. அந்த டீச்சர் காலை நான் பார்த்திருக்கேன்.

மனு எழுதத் தெரியல. மூணு காகிதம் கிழிச்சாச்சு. நீ படிச்சவ, உன் தமிழ் அழகா இருக்கும். நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுறேன். பிப்ரவரி பதினேழாம் தேதி காலை நான் தவறான அளவைச் சொன்னேன், அதனால பாதை திறந்திருந்தது, தீக்குள்ள ஏழு பேர் மாட்டினாங்க, எனக்கு ஞாபகப் பிசகு இருக்கு. இவ்வளவுதான். ரொம்ப நீட்டாதே. கெஞ்சாதே.

உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?

அண்ணன்


ஏப்ரல் 16, வியாழன்

அண்ணா,

அன்புள்ள என்று எழுத எனக்கு இன்று கூசுகிறது.

நீ கேட்ட மனுவை எழுதிவிட்டேன். இன்று காலை ரேஞ்சர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். நகல் இதோடு இருக்கிறது. கீழே உன் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. அங்கே என் கையெழுத்து இருக்கிறது.

நீ பதினெட்டு என்றுதான் சொன்னாய். ஈரப்பதம் பதினெட்டு, காற்று முப்பத்தைந்து. நான் அதைத் திருப்பிச் சொன்னேன். நீ "சரி" என்றாய். உன் காதில் உட்கார்ந்திருப்பது என் குரல்தான். உன் காதுக்கும் கண்ணுக்கும் ஞாபகத்துக்கும் ஒரு குறையும் இல்லை. முதலில் இதை இன்னொரு தரம் படி. அண்ணியிடமும் படித்துக் காட்டு. பிறகு மிச்சத்தைப் படித்தால் போதும்.

அது பூனை இல்லை. தக்காளி.

முந்தின நாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு விடுப்பு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. ஏழு மணிக்கு வயர்லெஸ் முன்னால் ஆள் இல்லையென்றால் வேலை போகும், குழந்தையோடு உட்கார்ந்தால் அதற்கும் வேலை போகும். யாரும் வருவதற்கு முன்னால் அவளைச் சால்வையில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன். இடுப்பில் அவள், கையில் பேனா. நாலு இடத்து அளவையும் எழுதினேன். கடைசியாக நீ. திருப்பிச் சொல்லி வாய் மூடவில்லை, அவள் என் தோளிலும் அறிக்கையிலும் வாந்தி எடுத்தாள். உடம்பு விறைத்து, கண் மேலே போனது. செத்துப்போனாள் என்றே நினைத்தேன், அண்ணா. தண்ணீர் தெளித்து, துடைத்து, அவள் மறுபடி அழ ஆரம்பித்தபோது மணி ஏழு இருபத்தைந்து. ஏழரைக்கு அறிக்கை போக வேண்டும்.

வேறு தாள் எடுத்து நாலு வரியைப் பார்த்து எழுதினேன். ஐந்தாவது வரி காலியாக இருந்தது. நீ என்ன சொன்னாய் என்பது துடைத்துவிட்டது போல ஞாபகத்தில் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தி, "கோபுரம், இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டால் முடிந்தது. ஐந்து நொடி வேலை. ஆனால் பொத்தானை அழுத்தினால் அவள் வீறிடுவது பூங்கா முழுக்கக் கேட்கும். ரேஞ்சர் ஜீப்பிலும் கேட்கும். நேற்றைய தாளைப் பார்த்து நாற்பத்தொன்று, பன்னிரண்டு என்று எழுதினேன். அப்புறம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையை அனுப்பினேன். வாசலில் தீ அபாயப் பலகையில் மஞ்சளை மாட்டச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பின் வாசல் வழியாக அவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மத்தியானம் டாக்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தெருவில் யாரோ, "மலை எரியுது" என்றார்கள். அந்த நொடி என் குரல் எனக்கே கேட்டது. பதினெட்டு, முப்பத்தைந்து. அதுவரை எங்கே போயிருந்ததோ.

இதுவரை சொன்னதற்கு, நான் ஒரு தாய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். டாக்டர்கூட, "பதட்டத்தில் யாருக்கும் நடக்கும்" என்பார். இனிமேல் எழுதுவதற்கு அந்தச் சாக்குக் கிடையாது. விசாரணையில் நீ என்னைப் பார்த்தாய். "என் தங்கச்சியைக் கேளுங்க, அவ திருப்பிச் சொன்னா" என்றாய். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன். அன்று குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. அவள் காப்பகத்தில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நீ கேட்டாய், நான் இல்லை என்றேன். பூனையையும் இல்லை என்றேன். மனவியல் பாடம் சொன்னேன். நீ கண்ணாடி வாங்கினாய், பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயரை நீ எடுத்தபோது, வாயைத் திறப்பதற்குப் பதிலாக மாத்திரை வாங்கி அனுப்பினேன். கடையில் அந்தப் புட்டியைக் கையில் வாங்கியபோது, "யாருக்கும்மா, வயசானவங்களுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் உன்னையே மறைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. நீ மன்னித்துவிடுவாய் என்ற தைரியத்தில்தானே இத்தனையும் செய்தேன்.

மாத்திரையை நிறுத்திவிடு.

தங்கை


மே 7, வியாழன்

அண்ணா,

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரேஞ்சர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. மனுவை இரண்டு தரம் படித்தார். "அந்த மனுஷனை நான் என்னென்ன கேட்டேன்" என்றார். என்னிடம் சொன்னது அவ்வளவுதான். உன் கோப்பில் இருந்த வரியை அடித்து, திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோபுரத்தைத் திரும்பக் கட்டி முடித்ததும் நீ அங்கே போகலாமாம். இதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். வாசலில் நிற்க வைத்தே கேட்டுக்கொண்டார். கடைசியில் இடுப்பில் இருந்த தக்காளியைக் காட்டி, "இவளா?" என்றார். ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கவிடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

பால் வாங்கப் போகும்போது தினமும் வாசலில் பலகையைப் பார்க்கிறேன். நேற்று சிவப்பு. பாதையை மூடியிருந்தார்கள். புதுப் பெண் நன்றாகச் செய்கிறாள்.

போன வாரம் ஸ்பீடு அண்ணன் பையை நேராக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் ஆளே மாறிட்டாரும்மா. எங்கிட்ட சாவியை வாங்கி, பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சு ஆத்து வரைக்கும் ஜீப்பை ஓட்டிட்டுப் போனார். என்னா வேகங்கிறே! நான் பின்னால உக்காந்து உசிரைக் கையில பிடிச்சுட்டு வந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, "எனக்கு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "பையைக் குடுத்துடுன்னார்" என்றார்.

பையில் கண்ணாடி இருந்தது. அதே கறுப்பு ஃப்ரேம், கூட்டோடு. மாத்திரைப் புட்டியும் இருந்தது, பாதி காலி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். தையலைப் பிரித்தும் பார்த்தேன். காகிதம் இல்லை.

கண்ணாடியை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எதுவும் பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை. தேவையே இல்லாத ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மாதம் டிக்கெட் கிழித்திருக்கிறாய். மேஜையில் எதிரே வைத்திருக்கிறேன். தக்காளி எடுக்க வருகிறாள், தட்டிவிடுகிறேன்.

நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதும்படி கேட்க எனக்கு வாய் இல்லை. நான் மட்டும் வியாழக்கிழமைதோறும் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காவிட்டாலும் பையை ஸ்பீடு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

வெறும் பையாவது வரட்டும்.

வாலு